உண்ணாமல் விட்ட கூழ்

வைலேரு தீவைச் சுற்றி வர நல்ல காலுக்கு ஒரு பகல் போதும். டொமிங்குஸ் லத்துமேனாவுடையது நல்ல கால். முப்பத்திரண்டு வருடம், வாரத்துக்கு இரண்டு சுற்று, மழைக்காலத்திலும் தப்பாமல் நடந்த கால். ஊர் என்று சொல்ல ஒரே தெரு, ஒரு தேவாலயம், எண்பது சொச்சம் வீடுகள், மற்றதெல்லாம் காடு. எந்தச் சேகோப் பனை யார் வீட்டுடையது, எந்தக் கிராம்பு மரத்தை யாருடைய பாட்டன் நட்டான், எந்த ஓடையைத் தாண்டினால் யார் எல்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் தீவின் காவல்காரர். போலீஸ் இல்லை. போலீஸ்காரர் எங்கள் தீவுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், சுட்ட மீன் சாப்பிட்டுவிட்டு, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போவார். காவல்காரர் காட்டுக்கும் கடலுக்கும் காவல்.

ஊர் கூடி ஒரு தோப்பையோ கடல் திட்டையோ இத்தனை மாதம் யாரும் தொடக் கூடாது என்று மூடிவிடும். அதற்குச் சாசி என்று பெயர். குருத்தோலை கட்டிய கம்பை நட்டுவிட்டால், அந்தத் தோப்பில் விழுந்து கிடக்கும் தேங்காயைக்கூட ஒருவரும் குனிந்து எடுக்கக் கூடாது. எடுத்தவரைக் கண்டுபிடித்தால் காவல்காரர் சங்கை எடுத்து ஊத வேண்டும். ஊருக்குள் ஏழு இடத்தில் நின்று பெயரைக் கூவ வேண்டும். பெயருக்கு உரியவர் அவர் பின்னாலேயே நடந்து வர வேண்டும். அடி உதை எதுவும் கிடையாது. தன் பெயரை ஏழு முறை கேட்டுக்கொண்டே தெருவில் நடப்பவனுக்கு அடி வேறு எதற்கு?

இதில் இரண்டு கட்டுப்பாடு உண்டு. சங்கைக் கையில் எடுத்த காவல்காரர் கூவி முடிக்கும்வரை தன் வீட்டுப் படி ஏறக் கூடாது. ஏறினால் பெண்டாட்டி பிள்ளை முகத்தைப் பார்த்து மனசு இளகிவிடும் என்று முன்னோர் நினைத்தார்கள். இரண்டாவது, கூவிய அன்று சாயங்காலமே அவர் குற்றவாளியின் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டும். வீட்டுக்காரி சேகோ மாவில் கொதிநீர் ஊற்றிக் கூழ் கிளறி, மஞ்சள் போட்ட மீன்குழம்போடு பரிமாறுவாள். கிண்ணம் காலியானால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. மறுநாள் யாராவது அதை எடுத்தால், எடுத்தவன் வாயை ஊரே அடைக்கும்.

டொமிங்குஸ் முதல் கட்டுப்பாட்டை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினார். இரண்டாவதை ஒரே ஒரு தடவை தவறவிட்டார். மிச்ச வாழ்க்கை அந்த ஒரு சாயங்காலத்துக்குள் மாட்டிக்கொண்டது.

அவருக்கும் இஸாக் ஹத்துபேசிக்கும் சின்ன வயதிலிருந்து நட்பு. ஒரே படகில் மீன் பிடித்தார்கள், ஒரே பாட்டில் பனங்கள்ளில் முதல் வாந்தி எடுத்தார்கள். இஸாக்கின் தங்கை யோசினாவை டொமிங்குஸ் கட்டிக்கொண்டபோது இஸாக்தான் சந்தோஷத்தில் ரொம்பக் குதித்தார். "போனா போகட்டும் மாப்ள, எங்க வீட்டுல இவ சாப்பிடற சாப்பாடு மிச்சம்" என்று பந்தலில் நின்று கத்தினார். யோசினா கையில் கிடைத்த வாழைப்பழத்தை அண்ணன் மேல் எறிந்தாள்.

அந்தக் கல்யாணத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் காட்டில், மூடாத இடத்தில், பசித்தவர்கள் யார் வீட்டு மரத்திலும் ஒரு இளநீர் குடிக்கலாம், ஒரு சீப்புப் பழம் தின்னலாம். குடித்த காயைப் பிளந்து இரண்டு மட்டைகளையும் மல்லாத்தி வைத்து, பக்கத்தில் ஒரு ஓலைக் கீற்றில் தன் வீட்டு முடிச்சைப் போட்டுவிட்டுப் போனால் அது திருட்டு ஆகாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முடிச்சு. லத்துமேனா வீட்டு முடிச்சு இரண்டு மடிப்பு மடித்து இறுக்கியது. ஹத்துபேசி வீட்டுடையது ஒரு வளையம் போட்டு வாலை உள்ளே இழுத்தது. கல்யாணத்தன்று பெண் எல்லோருக்கும் முன்னால் மாப்பிள்ளை வீட்டு முடிச்சைப் போட்டுக் காட்ட வேண்டும். அதிலிருந்து அவள் அந்த வீட்டுக்காரி.

யோசினா போட்டாள். வளையம் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவிழ்த்து மறுபடி போட்டாள். மறுபடியும் வளையம். டொமிங்குஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூன்றாவது தடவை அவளுடைய மாமியார் விரலைப் பிடித்து மடித்துவிட்ட பிறகுதான் லத்துமேனா முடிச்சு விழுந்தது. சிரித்ததை அவர் கடைசிவரை மறக்கவில்லை. எதற்குச் சிரித்தோம் என்பதைத்தான், ஞாபகம் வைத்திருக்க வேண்டிய ஒரு நாளில், சுத்தமாக மறந்துபோனார்.

அந்த நாள், கல்யாணமாகி இரண்டாம் வருடம். தேவாலயத்துக்குப் புதுக் கூரை போட வேண்டும் என்று கிழக்குத் தோப்பை ஆறு மாதம் மூடியிருந்தார்கள். மழை பெய்ய வேண்டிய மாதத்தில் மழை இல்லை. ஓடை பாதியில் நின்றுவிட்டது. டொமிங்குஸ் காவல்காரர் ஆகி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது, புதுத் துடைப்பம், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தார். மதியம் தாண்டிய நேரத்தில் தோப்பின் மூன்றாவது வரிசையில், ஒரு குட்டைத் தென்னையின் அடியில், மல்லாத்தி வைத்த இரண்டு மட்டைகளைப் பார்த்தார். பக்கத்தில் ஒரு ஓலைக் கீற்று. வளையம் போட்டு வாலை உள்ளே இழுத்த முடிச்சு.

ஹத்துபேசி வீட்டில் அப்போது இரண்டே பேர். இஸாக், அவர் மனைவி நெலா. நெலா காலையிலிருந்து தேவாலயத்தில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து கூரைக்கு ஓலை தைத்துக்கொண்டிருந்ததை அவரே பார்த்துவிட்டு வந்திருந்தார். அப்படியானால் இஸாக். மச்சான். யோசிக்க ஒன்றும் இல்லை என்று நினைத்தார். யோசிக்க ஒன்று இருந்தது. ஆனால் கட்டுப்பாட்டின்படி யோசினா லத்துமேனா வீட்டுக்காரி. கட்டுப்பாட்டையே கண்ணாகப் போட்டுக்கொண்டிருந்தவருக்கு அதற்குமேல் தெரியவில்லை.

சங்கை எடுத்தார். வீட்டுப் படி ஏறவில்லை.

தேவாலயத்து முன்னால் நின்று ஊதினார். ஊர் கூடியது. இஸாக் பாதி குடைந்த படகை விட்டுவிட்டு, வாய்ச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு, என்ன வேடிக்கை என்று பார்க்கத்தான் வந்தார். அவர் பெயரே வந்தது. டொமிங்குஸ் கையிலிருந்த ஓலை முடிச்சைக் காட்டினார்.

"எங்க கெடச்சுது மாப்ள இது?"

"மூணாவது வரிசை. குட்டத் தென்ன."

இஸாக் அந்த முடிச்சை வாங்கி விரலில் திருப்பினார். வால் நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் தலையைத் தூக்கி லத்துமேனா வீட்டுப் பக்கம் பார்த்தார். ஜன்னலில் யோசினா நின்றுகொண்டிருந்தாள், ஆறு மாத வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு. அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

"எங்க வீட்டு முடிச்சுதான்" என்றார் இஸாக்.

"நீதானா?"

"தாகமா இருந்துச்சு. குடிச்சேன்."

கூட்டத்தில் ஒரு குரல், "மாப்ள காவல்தானேன்னு நெனச்சுட்டாரு போல!" என்றது. சிரிப்பு எழுந்தது. டொமிங்குஸுக்குக் காது வரை சூடேறியது. அந்தச் சூட்டிலேயே ஏழு இடத்திலும் கூவினார். அவ்வளவு உரக்க அவர் அதற்கு முன்னும் கூவியதில்லை, பின்னும் கூவியதில்லை. இஸாக் மட்டைகளைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தெருவோரத்துக் கோழிகளை முறைத்துக்கொண்டே பின்னால் நடந்தார்.

சாயங்காலம் யோசினா பாயில் படுத்தபடி கேட்டாள். "சாப்பிடப் போகலியா மிங்குஸ்?"

"கால் வலிக்குது."

"அண்ணி கூழ் கிளறிட்டுக் காத்திட்டிருப்பாங்க."

"காத்திருக்கட்டும். என் காவல்ல என் மச்சானே கை வச்சிட்டான். ஊர் சிரிக்குது. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க போய் உக்காந்து நக்குறது?"

"போயிட்டு வந்துடு. உன் கால்ல விழறேன், போ."

அவள் அழுதாள். அண்ணனுக்காக அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். தீவைச் சுற்றி வந்த கால் தெருவின் அந்தக் கோடிவரை போக மாட்டேன் என்றது.

உண்ணாத கூவல் முடியாத கூவல்தானே. மறுநாள் படகு இழுக்க ஆள் சேர்த்தபோது இஸாக்கை யாரும் கூப்பிடவில்லை. கெனாரிக் கொட்டை பொறுக்கப் போனவர்கள் நெலாவுக்குச் சொல்லவில்லை. யாரும் எதுவும் சொன்னதாகவும் இல்லை, வைததாகவும் இல்லை. சொல்லாமல் விடுவதில் எங்கள் ஊரைத் தோற்கடிக்க ஆள் கிடையாது. பத்தாம் நாள் இஸாக்கும் நெலாவும் ஒரு தகரப் பெட்டி, ஒரு கூழ்ச்சட்டி, இரண்டு கோழிகளோடு படகேறி, வடக்கே செரம் தீவில் மசோஹிப் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். டொமிங்குஸ் கரையில் ஒரு பாதாம் மரத்துக்குப் பின்னால் நின்றார். அங்கே நிற்பது இஸாக்குக்குத் தெரிந்தது. இருவரும் கூப்பிட்டுக்கொள்ளவில்லை.

மகள் அகுஸ்தா பிறந்தாள். கூரை வேய்ந்தார்கள். தோப்பு திறந்தது, மூடியது, திறந்தது. பன்னிரண்டு வருடம் போயிற்று.

ஒருநாள் புருஷன், பெண்டாட்டி, மகள் மூவரும் கிராம்பு பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். வழியில் அடுத்தவர் எல்லையில் ஒரு இளநீர் வெட்டிக் குடித்தார்கள். மூடாத காடு, அதனால் தப்பில்லை. டொமிங்குஸ் சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது கீழே பார்த்தார். மல்லாத்தி வைத்த மட்டைகள். பக்கத்தில் ஓலை. வளையம் போட்டு வாலை உள்ளே இழுத்த முடிச்சு. வால் நீளமாகத் தொங்கியது.

"இத யாரு கட்டினது?"

"அம்மாதான்" என்றாள் அகுஸ்தா. "அம்மா எப்பவும் தப்பாத்தான் கட்டும். நான்தான் பின்னால போய் அவுத்து மாத்திக் கட்டுவேன்."

சாக்கு தோளிலிருந்து நழுவிக் கிராம்பு புல்லில் கொட்டியது. யோசினா அவர் முகத்தைப் பார்த்தாள். மகளை முன்னால் போகச் சொன்னாள்.

"கையி அப்படியே போயிடுது" என்றாள். "நெனச்சுக் கட்டினா உங்க வீட்டு முடிச்சு. நெனைக்காம கட்டினா எங்க வீட்டு முடிச்சு. அன்னிக்கு எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. தோட்டத்துலேருந்து வரேன், ஓடையில தண்ணி இல்ல, வயித்துல புள்ள உருளுது. மூடின தோப்புன்னு தெரியும். ஒண்ணே ஒண்ணு குடிச்சேன். சாயங்காலம் நீ வந்ததும் நானே சொல்லிடலாம்னுதான் முடிச்சுப் போட்டேன். நீ வீட்டுக்கு வராம சங்க எடுத்துட்ட."

"அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாமே."

"சொல்லக் கூடாதுன்னு அண்ணன் அன்னிக்கே என் கைல அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு. ஏன்னு கேட்டேன். சொல்லல." அவள் குனிந்து சிந்திய கிராம்பை அள்ளத் தொடங்கினாள். "பன்னெண்டு வருஷம் நான் எப்படித் தூங்கினேன்னு உனக்குத் தெரியுமா? நாளைக்கே சங்க எடு. என் பேரக் கூவு. நான் பின்னால நடக்கறேன். அண்ணன் பேரு மேல இருக்கறது எறங்கட்டும்."

"சரி" என்றார்.

சரி என்றவர் எடுக்கவில்லை. அகுஸ்தா தேவாலயத்தில் உறுதிமொழி எடுக்கும் சடங்கு வருகிறது, பிள்ளை தலைகுனியக் கூடாது, அது முடியட்டும் என்றார். முடிந்தது. மழை விடட்டும் என்றார். விட்டது. ஊர்த்தலைவர் தேர்வு நடக்கட்டும், அகுஸ்தாவுக்கு வரன் அமையட்டும், பேரப்பிள்ளைக்குப் பெயர் வைக்கட்டும். சாக்கு இல்லாத மாதம் என்று அவருக்கு வருஷத்தில் ஒன்றுகூட இருந்ததில்லை. உள்ளே இருந்த காரணம் வேறு. எல்லா வீட்டு முடிச்சையும் இருட்டில் தடவியே சொல்லிவிடுவார் என்று பெயர் வாங்கியவர், தன் வீட்டில், தன் பெண்டாட்டி கை போட்ட முடிச்சைத் தெரிந்துகொள்ளவில்லை. அதை ஊர் அறிய வேண்டாம் என்பதுதான். மனைவியைக் காப்பாற்றுகிறோம் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டார். காப்பாற்றியது தன் மீசையை.

யோசினா சில வருடம் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியபோது அவருக்கு நிம்மதியாக இருந்தது. பின்னால் அந்த நிம்மதியை நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசியது.

மசோஹியில் நெலா இறந்தபோது யோசினா மட்டும் படகேறிப் போய் வந்தாள். "நீயும் வா" என்று கூப்பிட்டாள். கடல் காவல் இருக்கிறது என்றார். வந்தவள் அங்கே நடந்ததை ஒன்றும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து யோசினா காய்ச்சலில் ஐந்து நாள் கிடந்து போய்ச் சேர்ந்தாள். கிழக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்த மாதம், படகு ஓடவில்லை. இஸாக்குக்குச் செய்தியே மூன்று வாரம் கழித்துத்தான் போனது.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள் காலையில் டொமிங்குஸ் பரணிலிருந்து சங்கை எடுத்தார். காவல் வேலையை இளையவர்களிடம் கொடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இருந்தும் யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஊர்த்தலைவர் ஆல்பெர்தஸ் ஒன்று சொன்னார். "பெரியவரே, செத்தவங்க பேரக் கூவக் கூடாது. அது உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். தெரிந்துதான் நாற்பது நாளும் தலையில் அடித்துக்கொண்டார். பின்னால் நடக்கிறேன் என்று அவள் கேட்டாளே, பதினெட்டு வருடம் கையில் இருந்தது, அவள் நடந்து தீர்த்திருப்பாள். அந்த வழியையும் அவரே தாமதித்து அடைத்துவிட்டார்.

அதனால் தன் பெயரைக் கூவினார். "டொமிங்குஸ் லத்துமேனா! முப்பது வருஷத்துக்கு முன்னால் கிழக்குத் தோப்பில் குடித்த கை லத்துமேனா வீட்டுக் கை! இஸாக் ஹத்துபேசி குடிக்கவில்லை! பொய்யாகக் கூவியவன் நான்!"

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நின்று பார்த்துவிட்டு ஓடின. ஒரு சின்னப் பெண், "யாரும்மா இஸாக்கு?" என்று கேட்டாள். அவள் தாய்க்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் பாதிப் பேர் கல்லறையில் இருந்தார்கள், மீதிப் பேருக்குக் காது கேட்கவில்லை. எந்த ஊரிடம் அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமோ அந்த ஊர் போய்விட்டிருந்தது. ஏழாவது இடம் ஹத்துபேசி வீடு இருந்த மனை. இப்போது அங்கே மரவள்ளி. மரவள்ளிச் செடிகளுக்கு முன்னால் நின்று கூவினார்.

"இப்ப யாரு வீட்டுல சாப்பிடப் போறீங்க?" என்று கேட்டார் ஆல்பெர்தஸ். கிண்டல்தான், ஆனால் கெட்ட மனசு இல்லை. "கூவினதும் நீங்க, குத்தவாளியும் நீங்க. உங்க வீட்டுக்கு நீங்களே விருந்துக்குப் போங்க."

டொமிங்குஸ் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் அகுஸ்தாவிடம் படகுக்குச் சொல்லச் சொன்னார்.

அகுஸ்தா ஒரு பொட்டலம் சேகோ மாவு கட்டிக் கொடுத்தாள். "நம்ம ஊரு மாவு. மாமாவுக்குக் குடுங்க."

"நல்லதாப் போச்சு. அங்க போய்க் கூழ் கிளறச் சொல்லணும்."

"அத்தை இல்லையேப்பா. யாரு கிளறுவா?"

அவர் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு படகுக்கு நடந்தார்.

மசோஹியில் சந்தைக்குப் பின்னால், படகு எஞ்சின்கள் பிரித்துப் போட்ட ஒரு கொட்டகை. அதை ஒட்டி ஒரு பலகை வீடு. இஸாக் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு எஞ்சின் மூடியை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரியக் கொஞ்சமும் நேரம் ஆகவில்லை.

"கால் வலி நின்னுடுச்சா மாப்ள?" என்றார்.

அப்போ யோசினா அதைக்கூட அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள். டொமிங்குஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். படகில் வரும்போது ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது.

"கூவிட்டேன் மச்சான். நேத்து. ஏழு எடத்துலயும். குடிச்சது நீ இல்லைன்னு."

"ஓ" என்றார் இஸாக். மூடியைத் துடைத்தார். "அதுவா. அது எனக்கு அன்னிக்கே தெரியுமே. வால விட்டிருந்தாளே நீளமா. எங்கம்மா அதுக்குத்தான் அவள திட்டும்."

"தெரிஞ்சு ஏன் மச்சான் ஒத்துக்கிட்ட?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? வயித்துப் புள்ளைக்காரியத் தெருவுல நடக்க விடச் சொல்றியா? நான் நடந்தா என்ன கொறஞ்சுது? ஒரு சாயங்காலம். சாப்பிட வருவியே, அப்ப காதுல போடலாம்னு இருந்தேன். ‘முட்டாப் பயலே, உன் பொண்டாட்டிதான்டா'ன்னு. உன் மூஞ்சி போற போக்கப் பாத்துச் சிரிச்சிருப்பேன். நீயும் சிரிச்சிருப்ப. அதோட முடிஞ்சிருக்கும்."

பதினெட்டு வருடமாக டொமிங்குஸ் சுமந்தது தப்பாகக் கூவிய குற்றத்தை. அதை இந்த மனிதர் அன்றைக்கே பொருட்படுத்தவில்லை. கால் வலிக்கிறது என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த அந்தப் பொய், அதுதான் இவர்களைப் படகில் ஏற்றி அனுப்பியிருக்கிறது.

"யோசினாகிட்ட ஏன் சத்தியம் வாங்கின?"

"நீயா வரணும்னுதான். என் மேல திருடன்னு பேரு வந்தாலும் என் வீட்டு வாசல நீ மிதிப்பேன்னு இருந்தேன்." இஸாக்கின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "நெலா மூணு தடவ கிளறினாடா. ஆறி இறுகிப்போகும், கொட்டுவா, மறுபடி தண்ணி வைப்பா. ‘வந்துடுவாரு, உங்க மாப்ள வராம இருப்பாரா'ன்னு எனக்குச் சமாதானம் சொன்னதே அவதான். மூணாவது சட்டிக்கு வீட்டுல மாவு இல்லாம பக்கத்து வீட்டுல போய்க் கேட்டா. குடுத்தாங்க, ஒரு பார்வையும் சேத்துக் குடுத்தாங்க. அந்தப் பார்வையத்தான் அவளால தாங்க முடியல. நான் மட்டும்னா அங்கயே கெடந்திருப்பேன்."

எஞ்சின் மூடியிலிருந்து மண்ணெண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. டொமிங்குஸ் மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்து நடுவில் வைத்தார்.

"இப்பச் சாப்பிடட்டுமா மச்சான்?"

இஸாக் பொட்டலத்தை மோந்து பார்த்தார். அவர் முகம் என்னவோ போல் ஆயிற்று. "நம்ம ஊரு மாவு" என்றார். பிறகு, "உனக்குக் கிளறத் தெரியுமா?"

"தெரியாது. உனக்கு?"

"எனக்கு எங்கேருந்து தெரியும்? ரெண்டு வருஷமா கடைச் சோறுதான்."

இரண்டு கிழவர்களும் அடுப்பு மூட்டினார்கள். மாவைத் தண்ணீரில் கரைத்தார்கள். கொதிநீரை ஒரே மூச்சில் ஊற்றிக் கைவிடாமல் கிளற வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். பெண்கள் செய்து ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார்கள். ஆனால் தண்ணீர் சரியாகக் கொதிக்கும் முன்பே டொமிங்குஸ் அவசரப்பட்டு ஊற்றிவிட்டார். பாதி பாலாய் நின்றது, பாதி கட்டி கட்டியாய்த் திரண்டது. இஸாக் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "இதுக்கா மாப்ள முப்பது வருஷம் பசியோட கெடந்த?" என்றார். பிறகு சிரிப்பு நின்றுபோய், கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது.

குழம்பு இல்லை. இஸாக் உப்பும் மிளகாயும் வைத்தார். கூழை எடுக்கிற இரண்டு மூங்கில் குச்சிகளைத் தேடி எடுத்துக் கொடுத்தார், நெலா வைத்திருந்தவை. வழக்கப்படி வீட்டுக்காரர் உண்ணக் கூடாது. உண்பவர் கிண்ணம் காலியாகும்வரை எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இஸாக் எதிரில் உட்கார்ந்தார்.

டொமிங்குஸ் சாப்பிட்டார். மாவு பச்சையாகவே இருந்தது, கட்டிகள் தொண்டையில் நின்றன. ஒன்றையும் ஒதுக்கவில்லை. கடைசியில் கிண்ணத்தைச் சாய்த்து அடியில் கிடந்த பாலையும் குடித்தார்.

"முடிஞ்சுதா மச்சான்?"

இஸாக் காலிக் கிண்ணத்தைப் பார்த்தார்.

"என் வரைக்கும் முடிஞ்சுது மாப்ள" என்றார். "மூணு தடவ கிளறினவ சார்பா நான் எப்படிச் சொல்றது?"

டொமிங்குஸ் கிண்ணத்தை நீட்டினார். சட்டியில் மிச்சம் இருந்ததையும் ஊற்றச் சொன்னார்.